எம் மக வச்ச பரீச்சையில நான் ஃபெயிலு

வயித்து வலி, வயித்து வலி, வயித்து வலின்னு எனக்குள்ளயே மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டு ஒரு இரும்பு நாற்காலியில உக்காந்திருக்கேன். நெசத்துக்கு என் வயித்துல ஒரு நோக்காடும் கெடையாது. இட்லியும் மொளகாப்பொடியும் தின்னுட்டு வந்த வயிறு, அது பாட்டுக்குக் கம்முன்னு கெடக்கு.

எடம், எம் மக வேல பாக்குத மெடிக்கல் காலேசுல ஒரு ரூமு. இதுக்கு முந்தி ஒடஞ்ச கட்டிலு போட்டு வச்சிருந்த ஸ்டோர் ரூமாம். வெள்ளையடிச்ச வாசம் இன்னும் மூக்க அரிக்கு. ஃபேனு கிர்ரு கிர்ருன்னு சுத்துது. சன்னலுக்கு வெளிய டீக்கடையில, குடிச்சு முடிச்ச மண் குவளைய ஆளுக வீசி ஒடைக்கிற சத்தம்.

எனக்கு எதிர ஒரு காலி நாற்காலி. மூலையில ஒரு மேசை. மேசைக்குப் பின்னால எம் மக டாக்டர் செல்வி. அவ பக்கத்துல, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, ரிட்டயரான பொறவும் காலேசு விடாமக் கூப்பிட்டு வச்சிருக்க பெரிய டாக்டரு. எல்லாரும் அவர போரோ சாருன்னுதான் கூப்பிடுவாவ. பெரிய சாருன்னு அர்த்தம். பேருக்கேத்த மாதிரி மொகத்தையும் பெருசா வச்சிருந்தாரு.

செல்வி எங்கிட்ட வந்து குனிஞ்சு, "யம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். கேக்காததச் சொல்லக் கூடாது. வெளங்குதா?"ன்னா.

"ஏட்டி, பொறந்ததுலருந்து நான் செஞ்சே பழக்கமில்லாத வேலையச் சொல்லுதியே"ன்னேன்.

"யம்மா!"

"சரிட்டி, சரி. வாயத் தொறக்கல."

இந்தப் பக்கத்தப் புதுசா படிக்கவுகளுக்கு ஒரு வார்த்த. நான் இசக்கியம்மா. கல்கத்தாவுல டாக்குரியாவுல எம் மக வீட்டுல இருக்கேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுதத எம் பேத்தி போன்ல புடிச்சு அனுப்புதா, பத்திரிகைக்காரவுக எழுத்தாக்கிக்கிடுதாவ. காலேசுல நடந்த பேச்செல்லாம் பெங்காலியில நடந்தது. நான் நம்ம பேச்சுல சொல்லுதேன், அம்புட்டுதான்.

காப்பி வாசமடிச்ச டாக்டரு

எங்க வீட்டுக்காரவுக லேக் மார்க்கெட் பக்கம் கடை வச்சிருந்தாவ. அப்பளம், வடகம், புளி, காப்பிக்கொட்டை. திருநெவேலியில கல்யாணம் முடிச்ச கையோட என்னய ரயிலேத்திக் கூட்டியாந்துட்டாவ. செல்வி இங்கதான் பொறந்தா. காப்பி அரைக்கிற மெசினு பக்கத்துல உக்காந்துதான் படிச்சா. அவ டாக்டருக்குப் படிக்கப் போனப்போ புஸ்தகம் பூராவும் காப்பி வாசம். கூடப் படிச்சதுக எல்லாம் அவ புஸ்தகத்த எரவலு வாங்கி மோந்து பாத்துட்டுத்தான் குடுக்குமாம்.

இங்க உள்ளவுகளுக்கு 'வ' வாயில வராது. செல்வி 'ஷெல்பி' ஆயிட்டா. ப்ரொஃபசரும் ஆயிட்டா, இன்னும் ஷெல்பிதான்.

நோயாளிகிட்டப் பேசணும்ங்க இந்தக் கோட்டி அவளுக்கு எப்பப் புடிச்சதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். படிச்சு முடிச்ச புதுசு. வார்டுல ஒரு மனுசன் கட்டில்ல கெடக்காரு. சுத்தி நின்ன பிள்ளைக ஒவ்வொருத்தரா அவரு வயித்தத் தட்டித் தட்டிப் பாத்துருக்கு. தபேலா வாசிக்க மாதிரி. சட்டையத் தூக்கினது தூக்கினபடி இருக்கு. அவருக்குக் குளிரா வெக்கமான்னு கேக்க நாதியில்ல. கட்டிலு நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுதாவ.

இவ போய் "ஒங்க பேரு என்ன?"ன்னு கேட்டுருக்கா.

அந்தாளு பேரச் சொன்னதோட நிக்கல. "எனக்கு என்ன வியாதின்னு இங்கிலீசுல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாவளே, நான் பொழைப்பனா மாட்டனா"ன்னு கேட்டுட்டு அழுதுட்டாராம்.

அப்போ இவளப் பின்னாலருந்து ஒருத்தரு அதட்டினாரு. "ஷெல்பி! டாக்டருக்குக் கண்ணும் கையும் போதும். அரட்டைக்கு வார்டு எடமில்ல."

அவருதான் போரோ சாரு. அப்போ அவரு சின்ன சாரு.

அவர நான் கொறச்சுச் சொல்ல மாட்டேன். ஒரு தடவ எங்க கடைக்குக் காப்பிப்பொடி வாங்க வந்தவரு, கல்லாவுல இருந்த எங்க வீட்டுக்காரவுகள ஏற எறங்கப் பாத்துட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, மஞ்சக் காமாலை"ன்னுட்டுப் பொடிய வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. போனா, அதேதான். அம்புட்டு நல்ல கண்ணு. அந்தக் கண்ண வச்சுக்கிட்டு எதுக்குப் பேசணும்னு அவருக்குத் தோணாதா பின்ன?

ஆனா எல்லாருக்கும் அந்தக் கண்ணு வாய்க்குமாங்கதுதான் எம் மக கேள்வி. பாங்குரா பக்கம் மாத்தல் பண்ணி விட்டாவ, அங்கயும் இதேதான் பேசினா. திரும்பி வந்தா, மேல ஏறினா, இதேதான் பேசினா. கடைசி வருசப் பிள்ளைகளுக்கு ஒரு பரீச்சை வைக்கணும். நோயாளி மாதிரி ஒரு ஆள உக்கார வைக்கணும். நோயாளி ஒண்ண மறைப்பாரு. அதட்டாம, அவமானப்படுத்தாம, பேசிப் பேசி அத வெளிய கொண்டாரத் தெரியணும். அது தெரியாதவனுக்குப் பாஸ் போடக் கூடாது.

"கதாகாலட்சேபப் பரீச்சை"ன்னு போரோ சாரு கேலி பண்ணுவாரு. மீட்டிங்குக்கு மீட்டிங்கு தள்ளிப் போட்டாவ. கடைசியில, இவ ரிட்டயராகப் போற நேரத்துல, "சரி, ஒரு நாள் நடத்திக் காட்டு. போரோ சாரு வந்து பாக்கட்டும். நல்லா நடந்தா மீட்டிங்குல வைப்போம். இல்லன்னா அந்த ரூமத் திருப்பிக் குடுத்துரு"ன்னுட்டாவ.

ஒரு பொம்பளையோட முழு உத்தியோகமும் அந்த ஒரு நாள்ல வந்து நிக்கி.

நாற்காலியில செத்துப்போன பாப்லு

நோயாளியா நடிக்க மொதல்ல என்னயவா கூப்பிட்டா? இல்லல்லா!

எங்க தெருவுல ஒரு நாடகக் குழு இருக்கு. கல்கத்தாவுல டீக்கடை இல்லாத தெருவக் கூடப் பாக்கலாம், நாடகக் குழு இல்லாத தெருவப் பாக்க முடியாது. பூஜைக்குப் பூஜை மேடை போட்டு, தொண்ட கிழியக் கத்துவாவ. அந்தக் குழுவுக்குத் தலைவரு பாப்லு, எல்லாருக்கும் பாப்லு-தா, அதாவது பாப்லு அண்ணன். போஸ்டாபீசுல வேல. பெரிய மீசை.

செல்வி அவரக் கூப்பிட்டு எங்க வீட்டு ஹால்ல ஒத்திகை பாத்தா. "பாப்லு-தா, ஒங்களுக்கு லேசா வயித்து வலி. லேசா. டாக்டரு கேட்டா மட்டும் சொல்லுங்க"ன்னா.

பாப்லு கண்ண மூடினாரு. மூச்ச இழுத்தாரு. "ஆ... அம்மா!"ன்னு ஒரு கத்து. மேல் வீட்டு பௌதி, பௌதின்னா மதினி, கையில கரண்டியோட ஓடியாந்துட்டா. பாப்லு நாற்காலியிலருந்து சரிஞ்சாரு, செத்துப்போன தன் தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு, ரெண்டு தடவ ஒதறினாரு, செத்துட்டாரு.

"பாப்லு-தா, ஒங்களுக்கு வெறும் வயித்து வலி"ன்னா செல்வி.

செத்தவரு ஒரு கண்ணத் தொறந்து, "அதுக்குப் பின்னால ஒரு வாழ்க்க இருக்கில்லியா ஷெல்பி"ன்னாரு.

பௌதி கை தட்டினா. நானும் தட்டினேன். செல்வி மட்டும் தலையப் புடிச்சுக்கிட்டா. நடிகரே வேண்டாம், சாதாரண மனுசங்கதான் வேணும்னு சொல்லிக்கிட்டே என்னயப் பாத்தா. என்னய விடச் சாதாரணமான ஆள எங்க போயித் தேடுவா?

எனக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான். மொழங்கால் வலிக்கு மருந்துக்கடையில நானா மாத்திரை வாங்கித் தெனமும் முழுங்குதேன். அதான் வயித்தப் புண்ணாக்குது. அத வெளிய சொன்னா வைவாவன்னு மறைக்கேன். டாக்டரு தன்மையாக் கேட்டா மட்டும் சொல்லணும்.

கேட்டதுக்கு மட்டும்

இப்ப அந்த ரூமுக்கு வாங்க. மணி அடிச்சது. மொதப் பையன் வந்தான். நல்ல ஒயரம். "எங்க வலி? எப்பலருந்து? சாப்பிட்டதும் வலிக்கா, சாப்பிடாம வலிக்கா?" ரயில்ல டிக்கெட்டு பாக்க வந்தவன் மாதிரி. நானும் டிக்கெட்ட நீட்டுத மாதிரி ஒவ்வொண்ணா நீட்டினேன். மாத்திரை பக்கம் அவன் வரவேயில்ல. மணி அடிச்சது, போயிட்டான். நான் நல்லாத்தான் செஞ்சேன். செல்வி லேசாத் தலையாட்டினா.

ரெண்டாவது பையன் உள்ள வந்ததும் குனிஞ்சு என் காலத் தொட்டுக் கும்பிட்டான். இங்க வயசானவுகளப் பாத்தா அதான் வழக்கம். கும்பிட்டவன ஆசீர்வாதம் பண்ணாம எப்படி விடுதது? தலையில கை வச்சு, "நல்லாயிருய்யா, சாப்பிட்டியா?"ன்னேன்.

அவ்வளவுதான். அவன் ஹாஸ்டல்ல போடுத பருப்பு தண்ணியா இருக்குன்னான். அவன் அம்மா மால்தாவுல டீச்சராம். அக்கா கல்யாணம் நின்னு போச்சாம். "ஏன் நின்னுச்சு?"ன்னு கேட்டேன். சொல்லிக்கிட்டு இருக்கும்போதே மணி அடிச்சுட்டு. அவன் முழிச்சான். என் வயித்தப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கல, அய்யோ பாவம்.

போரோ சாரு தோளு குலுங்குது. சிரிக்காரு.

செல்வி வந்து பல்லக் கடிச்சுக்கிட்டு, "யம்மா, நோயாளி நீயி. அவன் இல்ல"ன்னா.

"அவன் மொகம் வாடிப் போயிருந்ததுட்டி."

"யம்மா, என் வேலையில மண்ணள்ளிப் போட்டுராத."

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அவ கையப் பாத்தேன். பேனா மூடியப் போட்டுப் போட்டுக் கழட்டுதா. இனிமே சத்தியமா ஒழுங்கா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்.

மூணாவதா ஒரு பொண்ணு. எண்ண தேச்ச சடை, எறங்கின தோளு. "என் பேரு மௌ. நான் இங்க உக்காரட்டுமா திதா?"ன்னா. திதான்னா பாட்டி. உக்காந்தா. ஒண்ணும் அவசரப்படல. வயித்து வலின்னேன், கேட்டுக்கிட்டா. பக்கத்துல இருந்த தண்ணி டம்ளர எடுத்து நீட்டினா. நான் வாங்கப் போனேன், கை காத்தப் புடிச்சுது. அவ டம்ளரக் கொண்டாந்து என் கையிலயே வச்சா.

பொறவு மெதுவா, "திதா, வீட்டுல யாருகிட்டயும் சொல்லாம நீங்களே வச்சுக்கிட்டிருக்க விசயம் ஏதாச்சும் இருக்கா? நான் ஏச மாட்டேன்"ன்னா.

இதான் கேள்வி! இதுக்குத்தான் நான் மாத்திரைன்னு சொல்லணும். சொல்லத்தான் வாயத் தொறந்தேன்.

"எடது கண்ணு தெரியல மக்ளே"ன்னு வந்துட்டு.

அவ்வளவு தன்மையா ஒருத்தி கேட்டா என்ன செய்ய முடியும்? மடை ஒடஞ்ச மாதிரி கொட்டிட்டேன். புகை மூடின மாதிரி இருக்கு, கறுப்பு நூலு நூலா ஓடுது, கொஞ்ச நாளாவே இப்படித்தான். மகக்கிட்ட சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு என்னயத் தூக்கிக்கிட்டு ஓடுவா. அவளுக்கு முக்கியமான பரீச்சை ஒண்ணு இருக்கு, அது முடியட்டும்னு இருக்கேன். அந்த மக மூலையில உக்காந்திருக்காங்கத நான் சுத்தமா மறந்தே போனேன்.

மௌ இதெல்லாம் நடிப்புன்னுதான் நெனச்சா. "சுகரு இருக்கா திதா?"ன்னு கேட்டா. இருக்குன்னேன். "அப்படின்னா இன்னைக்கே கண்ணக் காட்டணும். பரீச்சை யாருக்குன்னாலும் ஒங்க கண்ணுக்காகக் காத்திருக்கும்"ன்னா.

மூலையில பேனா கீழ விழுந்த சத்தம். மணி அடிச்சது.

தாள்ல இல்லாத கண்ணு

போரோ சாரு மார்க்கு போடுத தாளப் பொரட்டினாரு. "கண்ணா? இதுல கண்ணே இல்லியே. மாத்திரைய இந்தப் பொண்ணு கண்டுபுடிக்கல. ஃபெயில்"னாரு. மௌவுக்குக் கண்ணு கலங்கிட்டு.

செல்வி எந்திரிச்சா. "சார், எங்கம்மா நடிக்கல"ன்னா.



போரோ சாரு நெத்தியில இருந்த கண்ணாடிய மூக்குக்கு எறக்கினாரு. என் முன்னால வந்து குத்த வச்சு, வலது கண்ணப் பொத்திட்டு, "எத்தன வெரலு?"ன்னாரு. எனக்கு வெரலே தெரியல, சாரே மங்கலாத்தான் தெரிஞ்சாரு. "ஒடனே கண்ணு டிபார்ட்மென்டுக்கு"ன்னு போன எடுத்தாரு.

பேசி முடிச்சுட்டு எம் மகளப் பாத்தாரு. "எல்லாருக்கும் ஒரே நோயாளி, ஒரே நோவு, ஒரே மார்க்கு. அப்பத்தான் நியாயமான பரீச்சைன்னு நீதான எழுதிக் குடுத்த ஷெல்பி? ஒன் நோயாளி ஆளுக்கொரு கத சொல்லுதாளே"ன்னாரு.

அவரு சொன்னதுல தப்பு இல்ல. அவ வேற ஒண்ணு சொல்லியிருக்கலாம். மௌவ மட்டும் பாஸாக்கி, "பாத்தியளா, என் பரீச்சை எப்படி வேல செய்யுது"ன்னு மார் தட்டியிருக்கலாம். எனக்கு அந்த எடத்துல அப்படிச் சொல்லித் தொலையேன்டின்னு இருந்தது.

அவ சொன்னா: "ஆமா சார். இன்னைக்கு நடந்தது செல்லாது. பிள்ளைக எல்லாருக்கும் வேற ஆள வச்சு மறுபடி நடத்துதேன். இந்தப் பொண்ணு ஃபெயில் இல்ல. நோயாளிதான் ஃபெயில்."

பெத்த தாயி! பச்சப் பிள்ளைக முன்னால!

"இத நான் மீட்டிங்குல சொல்லுவேன்"ன்னாரு போரோ சாரு.

"நானே சொல்லுவேன் சார்"ன்னா.

மஞ்ச டாக்சியில

சுகருனால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம். நேரத்துக்கு வந்துட்டிய, லேசர் வச்சுச் சரி பண்ணிரலாம்னாவ. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பார்வைக்கே மோசமாயிருக்குமாம். திரும்பி வரும்போது டாக்சியில அவ ஆரம்பிச்சா.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கட்டி கேட்ட?"

"தெனமும் கேக்கேனே!"

"என்ன கேக்க? மாத்திரை போட்டியா, நடந்தியா, இனிப்பு, மிஷ்டி எதுவும் தின்னியா. மொத ரெண்டுக்கும் ஆமா, மூணாவதுக்கு இல்ல. அதச் சொல்லிட்டாப் போதும், நீ போன நோண்டப் போயிருவ."

பாலிகஞ்ச் வார வரைக்கும் சன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. பொறவு திரும்பி, "மிஷ்டி தின்னியா?"ன்னா.

"பாத்தியா! இப்பவும் அதத்தான் கேக்க!"

சிரிச்சுட்டா. சிரிக்கும்போதே அழுதுட்டா. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன். வலது கண்ணால பாத்தா எம் மக தலையில வெள்ள முடி தெரியுது. எடது கண்ணால பாத்தா சின்னப் பிள்ளையா இருக்கா. மங்கலாத் தெரியுததுலயும் ஒரு நன்ம இருக்கத்தான் செய்யுது.

மீட்டிங்கு

மீட்டிங்குல நடந்தத செல்வி சோறு தின்னுக்கிட்டே சொன்னா. நான் ரெண்டு தடவ கேட்டேன்.

இவ எந்திரிச்சு, நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லிட்டாளாம். அன்னைக்குப் பரீச்சை தோத்துப் போச்சுன்னும் சொல்லிட்டா. பொறவு ஒரே ஒரு மாத்தம் கேட்டுருக்கா. பரீச்சையில கடைசி நிமிசத்துக்கு மார்க்கு கெடையாது. தாளும் கெடையாது. அந்த நிமிசத்துல, "வேற என்னமும் சொல்லணுமா?"ன்னு கேட்டுட்டுச் சும்மா உக்காரணும்.

யாரோ கேட்டுருக்காவ, "மார்க்கில்லாததுக்குப் பரீச்சையில என்ன வேல?"

அதுக்கு எம் மக வாயத் தொறக்க முந்தி போரோ சாரு எந்திரிச்சுட்டாராம். இவ, முடிஞ்சுது கதன்னு நெனச்சுருக்கா.

"கண்ணும் கையும் போதும்னு சொல்லிக் குடுத்தவன் நான்"ன்னாராம். "அந்தம்மா இருந்த ரூமுலயே உக்காந்திருந்தேன். நானும் பாக்கல, மகளும் பாக்கல. கேட்டவதான் பாத்தா. பரீச்சை நடக்கட்டும்."

 போரோ சாரு உக்காரப் போனவரு மறுபடி எந்திரிச்சு, "ஆனா ஒரு கண்டிசன்"ன்னாராம்.

இந்த வருசத்துலருந்து கடைசி வருசப் பிள்ளைகளுக்கு அந்தப் பரீச்சை உண்டு. காலேசுல விதின்னு அச்சடிச்சுப் போட்டாச்சு. செல்வி ஒரு பிரதிய வீட்டுக்குக் கொண்டாந்தா. லேசர் வச்சதுல எனக்குக் கண்ணு இப்ப நல்லாத் தெரியுது. ஆனா தெரிஞ்சு என்ன, படிக்கவா போறேன்? பேத்திதான் வெரல வச்சுக் காட்டினா. நோயாளியா யாரெல்லாம் உக்காரலாம்னு வரிசையாப் போட்டிருக்கு. அதுக்குக் கீழ தனியா ஒரு வரி: டாக்குரியாவைச் சேர்ந்த திருமதி இசக்கியம்மாள் எக்காரணம் கொண்டும் நோயாளியாக அமர்த்தப்படக் கூடாது.

எம் பேரு எங்க ஆரம்பிக்கி, எங்க முடியுதுன்னு கேட்டுத் தொட்டுப் பாத்தேன். பொறவு மேல் வீட்டு பௌதியக் கூப்பிட்டு, அந்த வரிய மட்டும் சத்தமாப் படிக்கச் சொன்னேன்.